உயிரணுவின் செவி
நோய்த்தடுப்பாற்றலைக் காக்கும் ஓர் ஏற்பிப் புரதம்

1971ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நொடிகளுக்குள் மருத்துவர்கள் அதனைக் கிருமியற்ற பிளாஸ்டிக் கூடம் ஒன்றனுள் வைத்து மூடினர். அக்குழந்தைக்கு முன் பிறந்த ஆண் மகவு ஏழாம் மாதத்திலேயே நோய்க்கு இரையாகியிருந்தது. அதே குறை இதற்கும் இருக்குமோ என்ற ஐயத்தால் செய்த ஏற்பாடு அது. ஐயம் மெய்யாயிற்று.

டேவிட் வெட்டர் என்னும் அச்சிறுவன் பன்னிரண்டு ஆண்டுகள் அத்தகைய கூடங்களிலேயே வளர்ந்தான். காற்று வடிகட்டப்பட்டே உள்ளே வந்தது. உணவும் நீரும் உடையும் விளையாட்டுப் பொருளும் கிருமி நீக்கிய பின்னரே உட்சென்றன. ஈன்ற தாயும் கூடத்தின் சுவரில் பொருத்திய தடித்த கையுறைகளின் வழியாகவே அவனைத் தொட முடிந்தது. 1977இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அவனுக்கெனத் தனி உடை ஒன்றைச் செய்து கொடுத்தது. அதனை அணிந்து அவன் வெளியே நடந்தது சில முறைகளே.

அவன் உடலில் இல்லாதது யாது? குருதி இருந்தது, வெள்ளையணுக்களும் இருந்தன, அவற்றுள் சிலவகை மட்டும் இல்லை. ஏன் இல்லை என்பதை அவன் வாழ்நாளில் எவராலும் கூற இயலவில்லை. விடை 1993இல் கிடைத்தது. உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கும் ஒரே ஒரு புரதத்தில் நேர்ந்த பிழையே அத்தனைக்கும் காரணம். அப்புரதம் ஆயுதமும் அன்று, உணவும் அன்று. அஃது ஒரு செவி.

காவற் படை

உடலின் நோய்த்தடுப்பாற்றல் ஓர் உறுப்பில் மட்டும் தங்கியிருப்பதன்று. குருதியிலும் நிணநீரிலும் உலவும் வெள்ளையணுக்கள் பலவும் கூடிச் செய்யும் பணி அது. அவற்றுள் நிணவணுக்கள் எனப்படுபவை மூவகைப்படும்.

முதல் வகை டி அணுக்கள். எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று வெளிவருபவை இவை. பகைக் கிருமி புகுந்த உயிரணுக்களை அழிப்பதும், பிற அணுக்களை வழிநடத்துவதும் இவற்றின் தொழில். இரண்டாம் வகை பி அணுக்கள். கிருமிகளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை ஆக்குபவை இவை. மூன்றாம் வகை இயற்கைக் கொல்லி அணுக்கள். இவை முன்பயிற்சி இன்றியே வைரஸ் புகுந்த அணுக்களைத் தாக்க வல்லவை.

டேவிட்டுக்கு இருந்த நோயில் டி அணுக்களும் கொல்லி அணுக்களும் பெரும்பாலும் இரா. பி அணுக்கள் எண்ணிக்கையில் குறைவின்றி இருக்கும். ஆயினும் எதிர்ப்பொருளை உரியவாறு ஆக்கா. படையில் இரு பிரிவுகள் இல்லை. மூன்றாம் பிரிவு இருந்தும் பயனில்லை. எனவே பிற குழந்தைகள் எளிதில் தாங்கும் சளியும் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் இக்குழந்தைகளுக்கு உயிர்க்கொல்லியாய் முடியும். மருத்துவ நூலார் இதனைக் கடுமையான கூட்டுத் தடுப்பாற்றல் குறைவு என்பர்.

தூதும் செவியும்

படை இயங்கவேண்டுமாயின் செய்தி போய்ச் சேரவேண்டும். உடலில் அத்தகைய செய்திகளைச் சுமப்பவை சைட்டோகைன்கள் என்னும் சிறு புரதங்கள். கிரேக்க மொழியில் உயிரணுவைக் குறிக்கும் சொல்லும் இயக்கத்தைக் குறிக்கும் சொல்லும் கூடிப் பிறந்த பெயர் இது. ஓர் அணு சைட்டோகைனை வெளிவிடும். இன்னோர் அணு அதனைப் பெற்று, 'பெருகு' என்றோ 'முதிர்வாய்' என்றோ 'ஓய்க' என்றோ பொருள் கொள்ளும். வெள்ளையணுக்களுக்கிடையே செல்லும் இத்தகைய தூதுப்பொருள்களுக்கு இன்டர்லூக்கின் என்னும் பெயரும் எண்ணும் இடும் வழக்கம், 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் நகரில் அறிஞர்கள் கூடிய கூட்டத்தில் தோன்றிற்று.

தூது வந்தால் மட்டும் போதாது. கேட்கும் செவியும் வேண்டும். அச்செவியே ஏற்பி. ஏல் என்னும் வினையடியாகப் பிறந்து, ஏற்பது என்னும் பொருளில் இகர ஈறு பெற்ற சொல் இது. தனக்குரிய செய்தியை ஏற்று உள்ளே அனுப்புவதே அதன் தொழிலாதலின், பெயர் பொருத்தமுடையதே.

ஏற்பிப் புரதம் உயிரணுவின் சவ்வை ஊடுருவி நிற்கும். தலைப்பகுதி வெளியே நீண்டிருந்து தூதுப்பொருளைப் பற்றும். இடைப்பகுதி சவ்வில் புதைந்திருக்கும். வாற்பகுதி உள்ளே தொங்கும். பெரும்பாலும் ஓர் ஏற்பி, இரண்டு அல்லது மூன்று புரதச் சங்கிலிகள் கூடி அமைவது. தூதுப்பொருள் வந்து பற்றியதும் அச்சங்கிலிகள் அருகருகே சேர்கின்றன. அவற்றின் வால்களில் ஒட்டியிருக்கும் ஜாக் என்னும் நொதிகள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. வாசலுக்குரிய இருமுக உரோமானியத் தெய்வமாகிய ஜேனசின் பெயரால் அமைந்த நொதிகள் அவை. பின்னர் ஸ்டாட் எனப்படும் புரதங்கள் விழிப்புற்று உயிரணுவின் கருவுக்குள் சென்று, உரிய மரபணுக்களை இயக்குகின்றன. வெளியே வந்த தூதுப்பொருள் உள்ளே நுழைவதில்லை. செய்தி மட்டுமே நுழைகிறது.

மூன்று சங்கிலிகள்

1976இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டி அணுக்களைச் சோதனைக்கூடத்தில் நெடுநாள் வளர்க்கும் வழியைக் கண்டனர். அவ்வளர்ச்சிக்குக் காரணமான பொருளே பின்னர் இன்டர்லூக்கின் இரண்டு எனப் பெயர் பெற்றது. அதனை ஏற்கும் செவி எது என்னும் தேடல் அடுத்து எழுந்தது. 1981இல் தாமஸ் வால்டுமனும் தகாஷி உச்சியாமாவும் உடன் உழைத்தோரும் அவ்வேற்பியின் ஒரு பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருளை வெளியிட்டனர். அப்பகுதி ஆல்பாச் சங்கிலி எனப்பட்டது. ஆயினும் அதன் வால் மிகக் குறுகியது. செய்தியை உள்ளே அனுப்பும் ஆற்றல் அதற்கு இல்லை. பின்னர் பீட்டாச் சங்கிலி கிடைத்தது. அதுவும் தனித்து நின்று பணியை முடிக்கவில்லை.

மூன்றாவதாகிய காமாச் சங்கிலியின் மரபணுவை 1992இல் ஜப்பானின் செண்டாய் நகரத்து தோஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசுவோ சுகமுராவின் குழுவினர் பிரித்தெடுத்தனர். 369 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இது. ஆல்பா தூதுப்பொருளைப் பற்றிப் பிடிக்கும். பீட்டாவும் காமாவும் கூடிச் செய்தியை உள்ளே அனுப்பும். இவ்வாறு இன்டர்லூக்கின் இரண்டின் செவி முழுமையாக விளங்கிற்று. அப்போது இது புரத ஆய்வில் ஒரு வெற்றியாகவே கருதப்பட்டது. கூடத்துள் வளர்ந்த சிறுவனுக்கும் இதற்கும் உள்ள உறவு அடுத்த ஆண்டில்தான் வெளிப்பட்டது.

தாயின் வழி வந்த பிழை

டேவிட்டின் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குவது. தாயின் வழியே வருவது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. பெண்ணிடம் ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று காக்கும். ஆணுக்கு மாற்று இல்லை. எனவே பிழையுள்ள மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கவேண்டும் என்பது முன்னரே தெளிவாயிருந்தது.

மற்றொரு குறிப்பும் ஆய்வாளர்க்குக் கிட்டியது. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றே செயற்படும், மற்றது அடங்கியிருக்கும். எது செயற்படும் என்பது தற்செயல். ஆனால் இந்நோயைச் சுமக்கும் தாய்மாரின் டி அணுக்களில் நல்ல குரோமோசோம் செயற்படும் அணுக்களே காணப்பட்டன. பழுதுற்ற குரோமோசோமைப் பயன்படுத்திய அணுக்கள் வளராமலே ஒழிந்தன. குறை சுற்றுப்புறத்தில் இல்லை, அணுவின் உள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

1993இல் மசயுகி நொகுச்சி, வாரன் லெனார்டு ஆகியோரின் குழு, காமாச் சங்கிலியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதைக் கண்டது. பின்னர் நோயுற்ற குழந்தைகளின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தது. அவர்களிடம் அம்மரபணு பிழைபட்டிருந்தது. சிலரிடம் ஒரே ஓர் எழுத்தின் மாற்றம், புரதத்தை இடையிலேயே அறுத்துவிடப் போதியதாயிற்று.

ஒரு புதிர்

விடை கிடைத்ததும் புதிர் ஒன்று எழுந்தது. காமாச் சங்கிலி இன்டர்லூக்கின் இரண்டின் செவி எனின், அத்தூதுப்பொருளே இல்லாத உயிரினத்திற்கும் இதே நோய் வரவேண்டும். ஆனால் 1991இல் இன்டர்லூக்கின் இரண்டு இல்லாதவாறு வளர்க்கப்பெற்ற எலிகளுக்கு டி அணுக்கள் இருந்தன. தூது இல்லாதபோது வரும் கேட்டினும், செவி இல்லாதபோது வரும் கேடு பெரிதாயிருந்தது. இஃது எவ்வாறு கூடும்?

அச்செவி ஒரு தூதுக்கு மட்டும் உரியதாக இல்லாவிடின் கூடும். ஆய்வாளர்கள் அவ்வழியே தேடினர். 1993ஆம் ஆண்டிலேயே இன்டர்லூக்கின் நான்கு, ஏழு ஆகியவற்றின் ஏற்பிகளிலும் அதே காமாச் சங்கிலி இருப்பது தெரிந்தது. பின்னர் ஒன்பது, பதினைந்து, இருபத்தொன்று ஆகியவையும் அதனையே பயன்படுத்துவது புலனாயிற்று. ஆக, ஆறு தூதுகளுக்கு ஒரு சங்கிலி. அதுமுதல் அதற்குப் பொதுக் காமாச் சங்கிலி என்னும் பெயர் நிலைத்தது.

அச்செழுத்துகளைக் கையால் கோத்த காலத்து அச்சகம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 'மலை' என்னும் சொல் கைப்படியில் இல்லாவிடின் அந்த ஒரு சொல்லே குறையும். ஆனால் எழுத்துப் பெட்டியில் துணைக்கால் தீர்ந்துவிட்டாலோ, 'நாடு' இல்லை, 'பாட்டு' இல்லை, 'பொன்' இல்லை, 'கோயில்' இல்லை. தன்னளவில் ஒரு பொருளும் தாராத சிறு குறி அது. ஆயினும் எத்தனையோ சொற்கள் அதன்மேல் நிற்கின்றன. இன்டர்லூக்கின் ஒன்றை இழப்பது ஒரு சொல்லை இழப்பது போன்றது. காமாச் சங்கிலியை இழப்பதோ துணைக்காலை இழப்பது போன்றது.

இவ்வுண்மையைக் கொண்டு நோயின் ஒவ்வொரு கூறும் விளங்குகிறது. டி அணு தைமசில் வளர இன்டர்லூக்கின் ஏழு வேண்டும். அதனைக் கேளாமையால் டி அணு இல்லை. கொல்லி அணு வளரப் பதினைந்து வேண்டும். அதனைக் கேளாமையால் கொல்லி அணு இல்லை. பி அணு திறம்பட எதிர்ப்பொருள் ஆக்க நான்கும் இருபத்தொன்றும், டி அணுவின் துணையும் வேண்டும். அவை கிட்டாமையால் பி அணு இருந்தும் வாளாவிருக்கிறது.

விளக்கம் சரியானதே என்பதற்கு இயற்கையே இரு சான்றுகள் தந்தது. காமாச் சங்கிலியின் வாலில் ஒட்டி நிற்பது ஜாக் மூன்று என்னும் நொதி. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இல்லை. அது பழுதுபட்டால் இதே நோய் ஆண், பெண் இருபாலார்க்கும் வருவது 1995இல் அறியப்பட்டது. இன்டர்லூக்கின் ஏழின் ஏற்பிக்கே உரிய சங்கிலி பழுதுபட்ட குழந்தைகளும் 1998இல் கண்டறியப்பட்டனர். அவர்களுக்கு டி அணுக்கள் இல்லை. கொல்லி அணுக்கள் இருந்தன. ஒரு தூதைக் கேளாதவர்க்கு ஒரு குறை; எல்லாவற்றையும் கேளாதவர்க்கு எல்லாக் குறையும்.

செவி தரும் மருத்துவம்

காரணம் அறியப்படுமுன்னரே ஒரு மருத்துவம் இருந்தது. 1968இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குட் என்னும் மருத்துவரின் குழு, இந்நோயுற்ற ஆண் குழந்தை ஒன்றுக்கு அதன் தமக்கையின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி உயிர் காத்தது. நல்ல செவியுள்ள அணுக்கள் குழந்தையின் உடலில் குடியேறிப் பெருகின. ஆனால் திசுப் பொருத்தம் அமைந்த உடன்பிறப்பு வேண்டும். டேவிட்டுக்கு அது வாய்க்கவில்லை. காத்திருத்தலே அவன் வாழ்வாயிற்று.

பொருத்தம் நிறைவுறாத மஜ்ஜையையும் தூய்மை செய்து பயன்படுத்தும் முறை பின்னர் வந்தது. 1983 அக்டோபரில் அவன் தமக்கையின் மஜ்ஜை அவனுக்குச் செலுத்தப்பட்டது. அதில் எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் உறங்கிக் கிடந்ததை எவரும் அறியவில்லை. வளர்ந்தோர் பெரும்பாலோர் உடலில் தீங்கின்றித் தங்கியிருக்கும் வைரஸ் அது. அதனை அடக்கும் டி அணுக்கள் அவனிடம் இல்லை. பி அணுக்கள் புற்றாகப் பெருகின. 1984 பிப்ரவரியில் அவனைக் கூடத்தினின்று வெளிக்கொணர்ந்தனர். கையுறை இல்லாத தாயின் கை அவனைத் தொட்டது அப்போதுதான். அம்மாதம் 22ஆம் நாள் அவன் இறந்தான்.

பிழை எதுவென அறிந்தபின், அதனையே திருத்தும் முயற்சி தொடங்கிற்று. குழந்தையின் சொந்த மஜ்ஜையணுக்களை எடுத்து, தீங்கு நீக்கிய வைரஸ் ஒன்றன் வழியே நல்ல மரபணுவை அவற்றினுள் புகுத்தி, மீண்டும் உடலிற் செலுத்துவது அம்முறை. பாரிஸ் நகரின் நெக்கேர் மருத்துவமனையில் அலென் ஃபிஷரும் மரீனா கவசானாவும் பெற்ற வெற்றியை 2000இல் உலகறிந்தது. திருத்தம் பெற்ற அணுக்கள் சிலவே ஆயினும், தூதைக் கேட்க வல்லவை அவை மட்டுமே ஆதலின், அவையே பெருகி இடத்தை நிரப்பின.

ஆயினும் பிறகு வந்த ஆண்டுகளில் அங்கும் லண்டனிலும் இம்மருத்துவம் பெற்ற குழந்தைகளுள் சிலர்க்கு இரத்தப் புற்றுநோய் தோன்றிற்று; ஒரு குழந்தை இறந்தது. புகுத்திய மரபணு, வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு மரபணுவின் அருகே அமர்ந்து அதனை எழுப்பிவிட்டதே காரணம். ஆய்வாளர்கள் அக்கருவியைக் கைவிட்டு, அருகிலுள்ள மரபணுவைத் தூண்டாத புதிய கருவியை அமைத்தனர். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் மருத்துவமனையார், எட்டுக் குழந்தைகள் அவ்வழியில் மருத்துவம் பெற்றதை 2019இல் அறிவித்தனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு மூவகை நிணவணுக்களும் தோன்றின.

குதிகாலின் ஒரு துளி

இம்மருத்துவங்கள் எவையாயினும் காலம் தாழ்ந்தால் பயன் குறையும். பிறந்த குழந்தையைத் தாயின் எதிர்ப்பொருள்கள் சில திங்கள் காக்கும்; அதனால் குறை வெளியே தெரியாது. அவை தேயத் தொடங்கும்போது நோய் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வட அமெரிக்காவில் நிகழ்ந்து 2014இல் வெளியான ஆய்வின்படி, மூன்றரை மாதத்திற்குள் மாற்று மஜ்ஜை பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 94 பேர் ஐந்தாண்டின் பின்னும் உயிருடன் இருந்தனர். எனவே நோய் வருமுன் அறிவதே தலையாயது.

அதற்கு வழி எளிது. டி அணு தைமசில் உருவாகும்போது அதன் மரபிழையில் ஒரு துண்டு வெட்டுண்டு சிறு வளையமாகும். அவ்வளையங்கள் குருதியில் இல்லையெனின் டி அணுக்கள் ஆக்கப்படவில்லை என்பது பொருள். குழந்தையின் குதிகாலில் எடுத்துத் தாளில் உலர்த்திய குருதித் துளியே சோதனைக்குப் போதும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் இதனை எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கிற்று. 2018 முடிவதற்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் பின்பற்றின. அங்கு ஏறத்தாழ 58,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இத்தகைய கடுங்குறையுடன் பிறப்பதும் அச்சோதனையால் தெரியவந்தது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர் கருதவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இரு நாடுகளிலும் பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பாக பி.சி.ஜி. ஊசி போடுவது வழக்கம். வலுக்குறைத்த உயிர்க் கிருமியால் ஆனது அம்மருந்து. நலமுள்ள குழந்தைக்கு அது காவலே, அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் டி அணு இல்லாத குழந்தையின் உடலில் அவ்வலுக்குறைந்த கிருமியும் பரவிக் கேடு செய்யக்கூடும். ஆதலின் முன்பு ஓர் ஆண் குழந்தை கைக்குழந்தைப் பருவத்திலேயே நோயால் இறந்த குடும்பமாயின், தாயின் உடன்பிறந்தோர் வரலாறும் அத்தகையதாயின், ஊசிக்கு முன்னரே மருத்துவரிடம் அதனைச் சொல்லிவிடுதல் நன்று.

செவியை மூடுதலும் மருந்தே

செவி கேளாமை ஒரு நோய் எனின், அளவுமீறிக் கேட்டலும் நோயே. உடல் தன் மூட்டுகளையே பகையாகக் கருதித் தாக்கும் முடக்குவாதத்தில் சைட்டோகைன்களின் கூக்குரல் ஓய்வதில்லை. ஜாக் நொதிகளைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சிறுநீரகம் மாற்றப் பெற்றவரின் உடல் புதிய உறுப்பைத் தள்ளிவிடாதிருக்க, இன்டர்லூக்கின் இரண்டின் ஆல்பாச் சங்கிலியை மறைக்கும் எதிர்ப்பொருளும் மருந்தாகப் பயன்படுகிறது. செவியின்றிப் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து பெற்ற அறிவும், பிறருடைய செவியை வேண்டும்போது மூடும் மருந்துக்குத் துணை நின்றது.

டேவிட்டைச் சுற்றி எழுப்பிய சுவர் வெளியே இருந்தது. குறையோ உள்ளே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அச்சுவர் கிருமியைத் தடுத்தது. தாயின் கையையும் தடுத்தது. இன்று அதே குறையுடன் பிறக்கும் குழந்தைக்குக் கூடம் கட்டுவதில்லை. குதிகாலில் எடுத்த ஒரு துளியால் குறையை அறிந்து, உள்ளே இல்லாத செவியையே தருகின்றனர்.